ஞாயிற்றுக்கிழமை ஏறும் நீர்

இந்தியானா,
1952 ஏப்ரல் 9, புதன்கிழமை

அன்பு மகன் எவர்டுக்கு அம்மா எழுதுவது:

கர்த்தருடைய கிருபையால் இங்கே எல்லாரும் சுகமாக இருக்கிறோம். டெக்சஸ் முகாமிலிருந்து நீ போட்ட அட்டை வந்தது. உன்னைத் துப்பாக்கியோடு நிறுத்தாமல் லாரி எஞ்சின்களோடு விட்டிருக்கிறார்கள் என்று படித்ததும் எனக்குப் பாதி உயிர் திரும்பி வந்தது. மீதிப் பாதி, நீ கொரியாவுக்குக் கப்பல் ஏற வேண்டியதில்லை என்று உறுதியானால்தான் வரும். கம்பளிக் காலுறை இரண்டு ஜோடி அனுப்பியிருக்கிறேன். அங்கே கொளுத்தும் வெயிலாயிற்றே என்று உன் அப்பா சிரிக்கிறார். சிரிக்கட்டும். நீ போட்டுக்கொள்.

பழுப்புப் பசு கிடாரிக் கன்று போட்டது. போதகருக்குத் தொண்டை கட்டிவிட்டதால் போன ஞாயிறு சபை மூப்பர் பௌமன் அச்சடித்த பிரசங்கம் ஒன்றை எடுத்து வாசித்தார். ஒன்றரை மணி நேரம். என் பையிலிருந்த பெப்பர்மிண்ட் முழுதும் தீர்ந்தும் அவர் இரண்டாவது பாகத்தைத் தாண்டவில்லை.

இனி நான் சொல்ல வந்ததற்கு வருகிறேன். கீழ்நிலம் நாற்பது ஏக்கரும் இன்னும் சகதியாகவே கிடக்கிறது. நீ திரும்பியதும் அது உனக்கு என்றும், அதன் மூலையிலுள்ள மணல்மேட்டில் நீயும் ரின்ஸ்காவும் வீடு கட்டிக்கொள்வீர்கள் என்றும் பேசி வைத்திருக்கிறோமே, அந்த நிலம். மேலே ஒரு அடிக்கு நல்ல கறுப்பு மண். பார்க்கிறவனுக்கு நாக்கில் நீர் ஊறும். அதற்குக் கீழே என்ன இருக்கிறது என்பது நமக்குத்தான் தெரியும். இந்த மாதத்தில் ஒரு குழி வெட்டினால் நிமிர்ந்து பார்ப்பதற்குள் அதில் தண்ணீர் ஊறிவிடுகிறது. ஆகஸ்டில் அதே மண் மணலாக உதிர்ந்து மக்காச்சோளத்தைக் கருக்கும். முதலில் மூழ்கடிக்கும், பிறகு காயப்போடும். அது அந்த மண்ணின் குணம், பிறந்ததிலிருந்து அப்படித்தான். என் சந்தேகம் மண்மேல் இல்லை. பக்கத்து நிலத்து ஃபோல்கர்ட் டைக்கமாமேல்தான்.

ரின்ஸ்காவின் அப்பாவைப் போய் இப்படிச் சொல்கிறாளே என்று முகத்தைச் சுளிக்காதே. முழுக்கப் படி.

நான்கு வருஷத்துக்கு முன்னால் அவர் தன் நிலத்துக் குழாய்களெல்லாம் வந்து சேரும் குழியில், டிராக்டரால் ஓட்டுகிற சின்னப் பம்பு ஒன்றை வைத்தார் அல்லவா? அது இறைக்கிற தண்ணீர் நம் இரண்டு வீட்டுக்கும் பொதுவான வாய்க்காலில்தான் விழுகிறது. வாய்க்கால் நிரம்பினால் நாம் புதைத்திருக்கிற மண்குழாய்களின் வாய் முழுகிவிடும். வெளியேற வேண்டிய தண்ணீர் நிலத்துக்குள்ளேயே தங்கிவிடும். இதெல்லாம் உனக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. ஆனால் இதைக் கேள்: சனிக்கிழமை காலை நான் கோழிகளுக்குத் தீனி போட்டுவிட்டு வயல் ஓரமாக நடந்தால் பூட்ஸ் அழுந்துகிறது, அவ்வளவுதான். திங்கட்கிழமை அதே இடத்தில் நடந்தால் பூட்ஸ் உள்ளே போய்விடுகிறது. மழை பெய்தாலும் அப்படி, பெய்யாவிட்டாலும் அப்படி. நடுவில் இருப்பது ஒரே ஒரு நாள். ஞாயிறு ஓய்வுநாள், நம் ஆட்கள் எவரும் வயல் பக்கம் போக மாட்டார்கள் என்று அவருக்குத் தெரியாதா?

இன்னொன்றும் இருக்கிறது. காலை ஆராதனைக்கும் மத்தியான ஆராதனைக்கும் நடுவே அவர் வாய்க்கால் கரையில் போய் நிற்கிறார். நான்கு ஞாயிறாக நம் மாடி ஜன்னலிலிருந்து கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்துவிட்டேன். தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு, பார்ப்பதற்கு ஒன்றுமே இல்லாத இடத்தில் கால்மணி நேரம் நிற்கிறார். போன வாரம் நானே போய்ப் பார்த்தேன். அவருடைய குழாய் வாய்க்குக் கீழே தண்ணீரின்மேல் எண்ணெய்ப் படலம் பளபளவென்று மிதக்கிறது. டீசல் இல்லாமல் எண்ணெய் எங்கிருந்து வரும்?

உன் அப்பாவிடம் சொன்னேன். "உனக்கு யாரைப் பார்த்தாலும் சந்தேகந்தான் திரீனா. முட்டை வாங்க வர்றவன் தராசைக்கூட நீ ரெண்டு தடவை திருப்பிப் பாப்ப" என்றார். அப்புறம் பூட்ஸைக் கழற்றிவிட்டுத் தூங்கப் போய்விட்டார். அவரைக் குறை சொல்லவும் முடியாது. இந்த நான்கு வருஷமாக ஆறு உயர்ந்தே ஓடுவதால், வடிகால் வாரியத்தின் பெரிய பம்பு இறைத்துக் கரைக்கு அந்தப் பக்கம் ஊற்றினால்தான் வாய்க்கால் தண்ணீர் ஆற்றில் சேர்கிறது. வாரம் முழுதும் அவர் இருப்பு அந்தப் பம்புக் கொட்டகையில்தான். சனிக்கிழமை ராத்திரி எஞ்சினை அணைத்துவிட்டு வந்தால் திங்கள் விடியும்வரைதான் எனக்குப் புருஷன், உனக்கு அப்பா.

உடம்பைப் பார்த்துக்கொள். ரின்ஸ்காவுக்கு எழுதும்போது இதையெல்லாம் எழுதாதே.

உன் நலத்தையே நினைத்துக்கொண்டிருக்கும்
அம்மா


இந்தியானா,
1952 ஏப்ரல் 29, செவ்வாய்க்கிழமை

அன்பு எவர்டுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. காலுறை பற்றி ஒரு வரி எழுதினாய், டைக்கமா பற்றி "அம்மா, விட்டுவிடுங்கள்" என்று ஒரு வரி எழுதினாய். முதல் வரிக்கு நன்றி.

இங்கே மண் ஆய்வுக்காரர் ஒருவர் வந்திருக்கிறார். பெயர் புரூயிட், தெற்கத்திக்காரர், இளைஞர். திருகுபோன்ற நீள இரும்பு ஒன்றை நிலத்தில் முறுக்கி இறக்கி, ஒவ்வொரு அடியாக மண்ணை எடுத்துப் பலகையில் வரிசையாக வைக்கிறார். ஜனங்கள் அவரைக் கண்டால் கதவைச் சாத்துகிறார்கள். அரசாங்கம் வரி கூட்டப் போகிறது என்கிறார்கள், நிலத்தையே எடுத்துக்கொள்ளப் போகிறது என்கிறார்கள். நான் சாத்தவில்லை. காப்பி கொடுத்துக் கீழ்நிலத்துக்கே அழைத்துப் போனேன். சாட்சிக்கு எனக்கு ஒரு அந்நியர் வேண்டியிருந்தது.

அவர் மண்ணை உள்ளங்கையில் தேய்த்துப் பார்த்தார். மேலே கறுப்பு, மணல் கலந்த பசைமண். அதற்குக் கீழே சாம்பல் நிற மணல், அதில் செம்மண் நிறத்தில் புள்ளிப் புள்ளியாகத் துரு. "இந்தச் சாம்பலைப் பாத்தீங்களாம்மா? தண்ணி நின்னு நின்னு மண்ணுல இருந்த இரும்பையெல்லாம் கழுவிடுச்சு. காத்துப் பட்ட எடத்துல மட்டும் துரு. சாம்பல் எந்த ஒசரத்துல ஆரம்பிக்குதோ, அதுவரைக்கும் தண்ணி வருஷத்துல பாதி நாள் நின்னிருக்கு. உங்க ஆளுங்க ஹாலந்துலேருந்து கப்பல் ஏறுறதுக்கு ஆயிரம் வருஷம் முன்னாலேருந்தே" என்றார். அப்படியானால் பக்கத்து நிலத்துக்காரர்மேல் குற்றமில்லை என்கிறீர்களா என்று கேட்டேன். எனக்குப் பக்கத்து நிலத்துக்காரரைத் தெரியாது என்று சொல்லிவிட்டார்.

எண்ணெய்ப் படலத்தையும் காட்டினேன். ஒரு குச்சியை எடுத்து அதில் குத்தினார். படலம் சில்லுச் சில்லாக உடைந்து அப்படியே நின்றது. "நெஜ எண்ணெயா இருந்தா திரும்ப வந்து ஒட்டிக்கும். இது எண்ணெய் இல்ல, இந்த மண்ணுல இருக்கிற இரும்பு. உங்க குழாய் வாயிலயும் பாருங்க, ஆரஞ்சுக் கலர்ல கொழகொழன்னு இருக்கும்" என்றார். இருந்தது. ஆனாலும் எனக்கு முழு நம்பிக்கை வரவில்லை. அன்று மத்தியானம் அவர் டைக்கமா வீட்டில் பட்டாணி சூப் சாப்பிட்டதாகப் பிறகு கேள்விப்பட்டேன்.

ஒரு நல்ல காரியம் செய்தார். கீழ்நிலத்தில் ஓட்டை போட்ட இரும்புக் குழாய் ஒன்றைச் செங்குத்தாக இறக்கிவிட்டு, தினமும் அதில் ஒரு குச்சியை விட்டு, தண்ணீர் தரையிலிருந்து எத்தனை அங்குலம் கீழே நிற்கிறது என்று எழுதி வைக்க முடியுமா என்று கேட்டார். முடியும் என்றேன். ஞாயிற்றுக்கிழமை அளப்பது வேலையில் சேருமா சேராதா என்று இரண்டு நாள் யோசித்தேன். பார்ப்பது வேலை இல்லை, எழுதுவதுதான் வேலை என்று முடிவு செய்து, ஞாயிறு மாலை பார்த்ததை மனதில் வைத்திருந்து திங்கள் காலை எழுதினேன்.

நோட்டு என் முன்னால் இருக்கிறது. சனிக்கிழமை காலை முப்பது அங்குலம் கீழே. ஞாயிறு மாலை பத்தொன்பது. திங்கள் காலை பன்னிரண்டு. பிறகு செவ்வாய், புதன் என்று கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி, மறு சனிக்கிழமை மறுபடி முப்பதுக்கு வந்துவிடுகிறது. அடுத்த வாரமும் அதே கதை. மழைக்குக் கிழமை தெரியுமா எவர்ட்? மனிதனுக்குத்தான் தெரியும்.

வருஷாந்தர வீட்டுச் சந்திப்புக்கு மூப்பர்கள் போன வியாழக்கிழமை நம் வீட்டுக்கு வந்தார்கள். ஜெபம் முடிந்ததும் மூப்பர் பௌமன் வழக்கம்போல, அக்கம்பக்கத்தோடு மனஸ்தாபம் ஏதும் உண்டா என்று கேட்டார். உன் அப்பா காப்பியைக் கலக்கிக்கொண்டிருந்தார். நான் நோட்டை எடுத்து மேஜைமேல் வைத்தேன். பௌமன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்துவிட்டு, "ஞாயித்துக்கிழமை நீங்களா அளந்தீங்க?" என்றுதான் முதலில் கேட்டார். பார்க்க மட்டும் செய்தேன், எழுதவில்லை என்றேன். இரண்டு மூப்பர்களும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு தலையசைத்தார்கள். டைக்கமாவைக் கேட்கிறோம் என்று சொல்லிப் போனார்கள்.

இப்போது உன்னிடம் கேட்பதைக் கேட்கிறேன். ஆண்டவருடைய நாளில் திருட்டுத்தனமாகப் பம்பு ஓட்டிப் பக்கத்து நிலத்தை மூழ்கடிக்கிற வீட்டில் நீ பெண் எடுக்கக் கூடாது. ரின்ஸ்கா நல்ல பெண்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அவளும் அதே வீட்டில் இருக்கிறாள், அவள் கண்ணுக்கும் அந்த வாய்க்கால் தெரிகிறது. உங்கள் நிச்சயத்தை முறித்துக்கொள்வதாக அவளுக்கு மரியாதையாக ஒரு கடிதம் எழுது. எழுதி முடிக்கும்வரை வேறு எந்தக் கடிதமும் அவளுக்குப் போட வேண்டாம். இது அம்மாவின் சொல்.

உனக்காக ஜெபிக்கும்
அம்மா


இந்தியானா,
1952 மே 20, செவ்வாய்க்கிழமை

அன்பு எவர்டுக்கு,

மூன்று வாரமாக உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. ராணுவத்தில் வேலை அதிகம் என்று நினைத்துக்கொள்கிறேன். வேறு விதமாக நினைக்க எனக்கு விருப்பமில்லை.

முதலில் வீட்டுச் சேதி. பத்தாம் தேதி பம்பு எஞ்சினைச் சுற்றிக் கிளப்பும்போது கைப்பிடி திருப்பி அடித்து உன் அப்பாவுக்கு வலது மணிக்கட்டு விலகிவிட்டது. டாக்டர் கட்டுப் போட்டிருக்கிறார். எலும்பு முறியவில்லை, பயப்படாதே. வாரியத்தார் அவருக்குப் பதிலாக டவுனிலிருந்து ஸ்டான் கொரேட்ஸ்கி என்பவரை அனுப்பியிருக்கிறார்கள். கத்தோலிக்கர், கட்டைப் பிரம்மச்சாரி, பீர் வாசனை வருகிறது. ஆனால் எஞ்சின் அவர் சொன்னபடி கேட்கிறது என்று அப்பாவே ஒப்புக்கொள்கிறார். பட்டனைப் போட்டுவிடுவதும் ரொட்டியில் வெண்ணெய் தடவிக் கொடுப்பதும் இப்போது என் வேலை. கைக்குழந்தைக்குக்கூட நான் இவ்வளவு செய்ததில்லை என்று சொன்னால் கோபித்துக்கொள்கிறார்.

இப்போது முக்கியமான சேதி. என் சந்தேகம் பொய்யில்லை என்று தெரிந்துவிட்டது.

மே எட்டாம் தேதி மூப்பர்கள் டைக்கமா வீட்டுக்குப் போனார்கள். பௌமனின் மனைவி எனக்குச் சொன்னாள், யாரிடமும் சொல்லக் கூடாது என்ற நிபந்தனையோடு. ஞாயிற்றுக்கிழமை உங்கள் பம்பு ஓடுகிறதா என்று கேட்டிருக்கிறார்கள். "ஓடல" என்றாராம். அப்படியானால் தண்ணீர் எப்படி ஏறுகிறது என்று கேட்டிருக்கிறார்கள். "அதை நான் சொல்றதுக்கில்லீங்க" என்றாராம். கவனித்தாயா? தெரியாது என்று சொல்லவில்லை. தெரியும், ஆனால் சொல்ல மாட்டேன் என்கிறார். குற்றமில்லாதவன் அப்படியா பேசுவான்? நேரான பதில் வரும்வரை ஜூன் எட்டாம் தேதி சபையார் அப்பமும் ரசமும் பகிர்கிற திருவிருந்துக்கு வர வேண்டாம் என்று மூப்பர்கள் சொல்லிவிட்டு எழுந்தார்கள். அவர் வாசல்வரை வந்து அவர்களுடைய தொப்பிகளை எடுத்துக் கொடுத்திருக்கிறார்.

அதற்குப் பிறகு வந்த ஞாயிறு, மே பதினொன்று. மாலையில் போய்க் குச்சியை விட்டுப் பார்த்தேன். இருபத்தொன்பது அங்குலம். திங்கள் காலையும் இருபத்தொன்பது. தண்ணீர் ஏறவே இல்லை! முந்தாநாள் ஞாயிறும் அப்படியே. இத்தனைக்கும் சனிக்கிழமை நல்ல மழை. மூப்பர்கள் போய் ஒரு வார்த்தை கேட்டதும் தண்ணீருக்குப் புத்தி வந்துவிட்டது பார். உன் அப்பாவிடம் நோட்டைக் காட்டினேன். "சரி, நின்னுதுல்ல, விடு" என்றார். அவருக்கு எதுவும் நிரூபணமாவதே பிடிக்காது.

நேற்று கடையில் ரின்ஸ்காவைப் பார்த்தேன். வணக்கம் சொன்னாள், நானும் சொன்னேன். இளைத்திருக்கிறாள். "எவர்ட்கிட்டேருந்து உங்களுக்குக் கடிதம் வருதா அத்தை?" என்று கேட்டாள். வருகிறது என்று சொன்னேன். அது பொய், ஆனாலும் சொன்னேன்.

நீ அவளுக்கு எழுதிவிட்டாயா இல்லையா? எழுதாமலிருந்தால் இன்றே எழுது. இனியும் தாமதிப்பது அந்தப் பெண்ணுக்கும் நல்லதில்லை.

அம்மா


இந்தியானா,
1952 ஜூன் 4, புதன்கிழமை மத்தியானம்

என் கண்ணே எவர்ட்,

இதை விமானத் தபாலில் சேர்க்க நானே டவுனுக்குப் போகப் போகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள். முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: நான் செய்தது தப்பு. டைக்கமா பம்பு ஓட்டவில்லை. ஒரு ஞாயிறுகூட ஓட்டவில்லை.

அப்பாவின் மணிக்கட்டு சரியாகி, போன வியாழக்கிழமை அவர் பம்புக்குத் திரும்பினார். ஞாயிறு மாலை நான் குச்சியை விட்டுப் பார்த்தால் பதினெட்டு அங்குலம். திங்கள் காலை பதினொன்று. டைக்கமா மறுபடி ஆரம்பித்துவிட்டார் என்று கொதித்துப்போய் அவர்கள் வீட்டு வாசல்வரை நடந்தே போய்விட்டேன். கதவு பூட்டியிருந்தது. மாட்டுக்குப் புல் போட வந்திருந்த அவருடைய மைத்துனர் சொன்னார், ஃபோல்கர்டின் அண்ணன் மிச்சிகனில் இறந்துபோனாராம், குடும்பமே சனிக்கிழமை காலை கிளம்பிப் போய்விட்டதாம். நான் அந்தக் குழிக்குப் போய்ப் பார்த்தேன். பம்பின் பெல்ட் கழற்றித் தொங்கவிடப்பட்டிருந்தது. அதில் சிலந்தி வலை கட்டியிருந்தது. ஒருவேளை இந்த மைத்துனரே பம்பை ஓட்டியிருப்பாரோ என்று அப்போதும் எனக்கு ஒரு சந்தேகம் வந்தது, அதையும் ஒளிக்காமல் சொல்கிறேன்.

அன்று மாலை கொட்டகைச் சாவியைத் திருப்பிக் கொடுக்க ஸ்டான் கொரேட்ஸ்கி வந்தார். அப்பா இன்னும் வந்து சேரவில்லை. காப்பி கொடுத்து, இந்த மூன்று வாரம் சிரமம் கொடுத்துவிட்டோம் என்று மரியாதைக்குச் சொன்னேன். "சிரமம் என்னம்மா, எஞ்சின் தங்கமான எஞ்சின். ஞாயித்துக்கிழமைகூட ஒரு நிமிஷம் நிறுத்தல. விடியக்காலைப் பூசையைப் பாத்துட்டு நேரா கொட்டகைக்கு வந்துருவேன்" என்றார்.

காப்பிப் பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டு நான் நோட்டை எடுத்தேன். மே பதினொன்று, பதினெட்டு, இருபத்தைந்து. தண்ணீர் ஏறாத மூன்று ஞாயிறும் பம்பு ஓடிய ஞாயிறுகள். ஏறிய ஞாயிறுகள் எல்லாம் உன் அப்பா எஞ்சினை அணைத்துவிட்டு, என் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்து பெப்பர்மிண்ட் வாங்கித் தின்ற ஞாயிறுகள். ஆறு உயர்ந்து ஓடுகிறபோது ஒரு நாள் பம்பு நின்றால் வாய்க்கால் நிரம்பாமல் வேறு என்ன செய்யும்? மணல் கலந்த மண்ணுக்குள் தண்ணீர் ஒரே நாளில் ஏறாமல் வேறு என்ன செய்யும்? உன்னைவிடச் சின்னப் பிள்ளைக்கும் இது புரிந்திருக்கும். நமக்குத்தான் புரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஓய்வது சூரியன் உதிப்பதுபோல நமக்கு. அதற்குக்கூட ஒரு விளைவு இருக்கும் என்று எவருக்கும் தோன்றவில்லை. டைக்கமாவுக்கு மட்டும் தோன்றியிருக்கிறது.

அதை இன்று காலைதான் தெரிந்துகொண்டேன். எப்படி என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது, இருந்தும் சொல்லியாக வேண்டும்.

பத்து மணிக்குத் தபால்காரர் போனதும் ரோட்டு முக்குக்குப் போனேன். நம் தபால் பெட்டியும் டைக்கமா பெட்டியும் ஒரே கம்பத்தில் அடுத்தடுத்து இருக்கின்றனவே. நம் பெட்டியில் விதைக்கடை விளம்பரம் மட்டுமே இருந்தது. அவர்கள் பெட்டி சரியாக மூடவில்லை. உள்ளே உன் கையெழுத்து தெரிந்தது. ராணுவ முகாம் முத்திரை, மிஸ் ரின்ஸ்கா டைக்கமா என்ற பெயர். நான் அதை எடுத்துவிட்டேன் எவர்ட். இன்னொருவர் பெட்டிக்குள் கையை விட்டு எடுத்தேன். இரண்டு மாதமாக அந்த மனிதரைத் திருடன் என்று சொல்லிக்கொண்டிருந்தவள், உன் கடிதத்தை ஏப்ரனுக்குள் மறைத்து வீட்டுக்குக் கொண்டுபோய் அடுப்பில் போடுவதா வேண்டாமா என்று நடுரோட்டில் நின்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

நிமிர்ந்து பார்த்தால், நேற்று ராத்திரி குடும்பத்தோடு மிச்சிகனிலிருந்து திரும்பிய ரின்ஸ்கா வந்துகொண்டிருக்கிறாள். என் கையைப் பார்த்துவிட்டாள். "அது எனக்கு வந்ததா அத்தை?" என்றாள். குரலில் கோபமே இல்லை. கொடுத்துவிட்டேன். கொடுத்த கையோடு எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்: நோட்டு, மூப்பர்கள், ஸ்டான், பம்பு, உனக்கு நான் எழுதச் சொன்னது உட்பட எல்லாம்.

அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். கடைசியில், "எங்கப்பாவுக்கு மொத வருஷமே தெரியும் அத்தை" என்றாள். பின் ஏன் மூப்பர்களிடம் சொல்லவில்லை என்று கேட்டேன். "சொன்னா வாரியத்துக்குத் தெரிஞ்சுடும். அவங்கள்ல பாதிப் பேரு நம்ம சபையே இல்ல. மாமாவை ஞாயித்துக்கிழமையும் ஓட்டச் சொல்வாங்க, இல்லாட்டி வேலையை விட்டுத் தூக்கிடுவாங்க. ரெண்டுல எதுக்கும் நான் காரணமா இருக்க மாட்டேன்னு அப்பா சொல்லிட்டாரு. உங்களைவிட எங்க நிலம் பள்ளம். வெங்காயம் நாலு வருஷமா வேர் அழுகுது. ஞாயித்துக்கிழமை ஆராதனை முடிஞ்சா வாய்க்கால்கிட்ட போய் நின்னு, பாத்திக்கு இன்னும் எத்தனை அடி இருக்குன்னு பாத்துட்டு வருவாரு. அவ்வளவுதான்."

அந்த மனிதர் திருவிருந்தையே இழக்கத் துணிந்தார், உன் அப்பாவைக் காட்டிக்கொடுக்கவில்லை. நான் அவருக்குச் செய்தது உனக்குத் தெரியும்.

சாப்பாட்டு நேரத்தில் நோட்டை அப்பா முன்னால் வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். ஸ்பூனைக் கீழே வைத்துவிட்டு ஞாயிறுகளை மட்டும் ஒவ்வொன்றாக விரலால் தொட்டுக்கொண்டே போனார். "எனக்குத் தெரிஞ்சிருக்கணும்" என்றார். பிறகு தொப்பியை எடுத்துக்கொண்டு வயலுக்குக் குறுக்கே, சகதியிலேயே, டைக்கமா வீட்டுக்கு நடந்தார். போய் ஒரு மணி நேரமாகிறது. வரும் ஞாயிறு பம்பு ஓடுமா நிற்குமா என்று எனக்குத் தெரியாது. அது பெரியவர்கள் பார்த்துக்கொள்ள வேண்டியது. நாளை காலை நான் மூப்பர் பௌமனிடம் போய் என் வாயாலேயே சொல்லிவிடுகிறேன். திருவிருந்துக்கு வரக் கூடாதவர் ஒருவர் இருந்தால் அது நான்தான்.

இப்போது உன் கடிதம். ரின்ஸ்கா அதைப் பிரிக்கவில்லை. திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுக் கவுன் பையில் வைத்துக்கொண்டாள். "அஞ்சு வாரமா ஒரு வரி எழுதலை. இப்ப எழுதியிருக்காருன்னா என்னவா இருக்கும்னு எனக்குத் தெரியாமலா இருக்கு? இது திருவிருந்துக்கு முந்தின வாரம், மனசைச் சோதிச்சுச் சுத்தப்படுத்திக்கிற வாரம். அப்பாவுக்கு விருந்து இல்லாட்டியும் அன்னிக்கு அவர் பக்கத்துல மனசுல கசப்போட உக்கார எனக்கு இஷ்டமில்ல. ஞாயித்துக்கிழமை சாயங்காலம் பிரிச்சுக்கிறேன்" என்றாள். பிறகு என் தோளில் கையை வைத்து, "நீங்க வீட்டுக்குப் போங்க அத்தை, வெயிலா இருக்கு" என்றாள். இவ்வளவுக்குப் பிறகும் என்னை அத்தை என்றாள்.

அந்த உறைக்குள் நீ என்ன எழுதியிருக்கிறாய் என்று எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள எனக்கு உரிமையும் இல்லை. நான் சொன்னபடி எழுதியிருந்தால், இது கிடைத்த நிமிஷமே அதிகாரியின் காலில் விழுந்தாவது அனுமதி வாங்கி டைக்கமா வீட்டுக்கு டெலிபோன் போடு. பிரிக்காதே, அதை எழுதியது நானில்லை, எங்கள் அம்மா என்று சொல். இந்த ரோட்டில் ஒரே கம்பியில் ஏழு வீடு இருக்கிறது, மணி அடித்தால் ஏழு பேரும் எடுத்துக் கேட்பார்கள். கேட்கட்டும். உங்கள் அம்மா என்ன செய்தாள் என்று ஏழு வீட்டுக்கும் உரக்கவே சொல், எனக்கு வருத்தமில்லை. ஞாயிறு சாயங்காலத்துக்குள் சொல்லிவிடு, அது போதும்.

ஒருவேளை நான் சொன்னபடி நீ எழுதாமல் இருந்திருந்தால், டெலிபோன் வேண்டாம். அவளே பிரித்துப் படித்துக்கொள்ளட்டும்.

கர்த்தர் உன்னை எல்லாத் தீங்குக்கும் விலக்கிக் காக்கட்டும். நீ பிறந்த நாளிலிருந்து உனக்கு நல்ல கீழ்ப்படிதலைத் தரும்படிதான் அவரிடம் கேட்டு வந்திருக்கிறேன். இந்த ஒரு தடவை மட்டும், அவர் என் ஜெபத்தைக் கேட்காமல் விட்டிருக்கட்டும்.

அம்மா